எப்படி வந்துச்சு?

போன டிசம்பரில் எங்கள் தாமான் பொது மண்டபத்தில் ஓர் எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்தது. நடத்தியவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அவர்களைப் பற்றியதாகிவிடும். என் சண்டை அவர்களோடு மட்டும் இல்லை, உங்களோடும் என்னோடும்தான்.

வாசலில் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்தினார்கள். மீ கோரேங், கறிபாப், தேத்தண்ணி. அதன் பிறகு பேச்சாளர் 40 நிமிடம் பேசினார். ஒருவனுக்கு ஒருத்தி என்பதுதான் தமிழன் உலகுக்குக் கொடுத்த தடுப்பூசி என்றார். கைதட்டினார்கள். மருந்து என்ற சொல் அந்த 40 நிமிடத்தில் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் 'மருந்தே இல்லாத' என்று. கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். மைக்கை வாங்காமலே கேட்டார்.

"சார், இந்த மாதிரி ஒருத்தவங்க நம்ம வீட்டுலயே இருந்தா, நம்ம எப்படி நடந்துக்கணும்?"

அன்று அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அதுதான். பேச்சாளர் கனிவாகச் சிரித்தார். "முதல்ல எப்படி வந்துச்சுன்னு விசாரிங்கம்மா. பாவம், ரத்தம் ஏத்தி வந்திருக்கலாம். புருஷனால வந்திருக்கலாம். அவங்கள நாம வெறுக்கக் கூடாது." இதற்கும் கைதட்டினார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டில் இருப்பவருக்கு ரத்தம் ஏற்றி வரவில்லை என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நான் அவருக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தேன். எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்றால், அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

என் பெரியம்மா மகனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் எச்.ஐ.வி இருப்பது தெரிய வந்தது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஊர், வேலை, வயது எல்லாம் மாற்றிவிட்டேன். அண்ணன் என்றே சொல்கிறேன். முதலில் முதுகில் அக்கி வந்தது. பெரியம்மா தோட்டத்துப் பழக்கத்தில் ஒரு தாத்தாவிடம் கூட்டிப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். செம்மண்ணைக் குழைத்து முதுகில் சிங்கம் வரைந்திருந்தார்கள். நாங்கள் கேலி செய்தோம். அக்கி ஆறியது, மறுபடி வந்தது. முப்பது வயதைச் சுற்றி இருக்கும் ஒருவருக்கு அக்கி திரும்பத் திரும்ப வந்தால் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் ஓர் இளம் டாக்டருக்குத் தோன்றியது. அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். சிடி4 எண்ணிக்கை 190. ஆரோக்கியமான ஒருவருக்கு அது 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம் என்று வகைப்படுத்துவார்கள்.

அதை அவர் என்னிடம் சொன்னது ஒரு மாமாக் கடையில், இரவு பதினொரு மணிக்கு. சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம்: எதை ஆர்டர் செய்தாலும் என் மைலோவில் ஒரு வாய் குடிப்பார். அன்றும் கை நீண்டது. பாதியில் நின்றது. கிளாஸை நான் அவர் பக்கம் நகர்த்தியிருக்க வேண்டும். எச்சிலில் பரவாது என்று பள்ளியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் கை நகரவில்லை. வாய்தான் திறந்தது. "எப்படிண்ணே வந்துச்சு?"

அவர் பதில் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பவரைப் போல, தேதி, இடம் உட்பட. நான் கேட்டதற்கும் மேலேயே சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தால்தான் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்திருப்பார் போல. சாப்பிட்டாயா, தூங்கினாயா, டாக்டர் என்ன சொன்னார், நாளை யார் கூட வருகிறார் என்று எதையும் நான் அன்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் வாசகராகிய உங்களுக்கும் அது தெரிய வேண்டும் போலிருக்கும். ஊசியா, பெண்ணா, ஆணா? சொல்ல மாட்டேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். ஒரு பம்ப் நின்றுவிட்டால் மூல காரணம் தேடுவது எங்கள் தினசரி வேலை. டொயோட்டாக்காரன் கற்றுக்கொடுத்த 'ஐந்து முறை ஏன்' கேட்கும் முறைதான். ஆனால் பம்ப் நின்ற உடனேயே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முதலில் மின்சாரத்தைத் துண்டிப்போம், பூட்டுப் போடுவோம், யாருக்கும் அடிபடவில்லை என்று உறுதி செய்வோம், மாற்றுப் பம்பை ஓட்டுவோம். காரணம் தேடும் கூட்டம் அடுத்த நாள்தான். அந்தக் கூட்டத்திலும் காரணம் தெரிந்தால் சரிசெய்யும் முறை மாறும் என்பதால்தான் கேட்கிறோம். தாங்கி தேய்ந்ததென்றால் ஒரு பாகம், கசிவென்றால் வேறு பாகம். எச்.ஐ.வியில் அதுகூடக் கிடையாது. ரத்தம் ஏற்றி வந்தவருக்கும், ஊசியில் வந்தவருக்கும், படுக்கையில் வந்தவருக்கும், பிறக்கும்போதே வந்தவருக்கும் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான், அதை அடக்கும் மருந்து வகையும் ஒன்றுதான். அப்படியானால் 'எப்படி வந்துச்சு' என்பது எதைச் சரிசெய்வதற்கான கேள்வி? எந்த அளவு அன்பு ஒதுக்கலாம் என்று கணக்குப் போடத்தான். ரத்தம் ஏற்றியவருக்கு முழுச் சம்பளம், கணவனால் வந்தவளுக்கு முக்கால், ஊசிக்காரருக்குக் கால். மீதிப் பேருக்கு அட்வைஸ்.

நம் ஆட்கள் விழிப்புணர்வு என்று செய்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜா விளம்பரம் சுவரெல்லாம் கேள்வி கேட்டது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்தபோது அது வெறும் கிண்டல். எங்கள் பள்ளியில் மெலிந்த பையன் ஒருவனுக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. 2007இல் 'மிருகம்' படம் வந்தது. ஊரை மிரட்டிப் பெண்களைத் தேடித் திரிகிறவனுக்கு எய்ட்ஸ் வருகிறது. உருக்குலைகிறான், மனைவி பணிவிடை செய்கிறாள். படம் வந்தபோது நோயை அடக்கும் கூட்டு மருந்து உலகத்துக்கு வந்து பத்து ஆண்டு தாண்டிவிட்டது. அதனால் திரைக்கதைக்கு என்ன? கெட்டவனுக்குத் தண்டனை வேண்டும், தண்டனைக்கு ஒரு நோய் வேண்டும்.

சினிமாவை அடிப்பது சுலபம். நம் சிறுகதைகளுக்கு வருகிறேன். இங்கே நடந்த போட்டிகளின் தொகுப்புகளை நான் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். அவற்றில் எச்.ஐ.வி எங்கே வருகிறது? கடைசிப் பக்கத்தில். கதாசிரியருக்கு முடிவு தெரியாதபோது டாக்டர் ஒரு ரிப்போர்ட்டை நீட்டுவார். அதோடு கதை முடியும். உண்மையில் அந்த ரிப்போர்ட்டில்தான் கதை தொடங்குகிறது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். காடிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். மச்சான் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்ய வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மாத்திரை போட வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு. அந்த நாற்பது ஆண்டுகளை எழுத நம்மிடம் ஆள் இல்லை. இலக்கியக் கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது சூசன் சாண்டாக் நோயை உருவகமாக்குவதைப் பற்றி எழுதியதை மேற்கோள் காட்டிய நண்பர் ஒருவர், அதே மேசையில், ஒரு பழைய நடிகரின் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு அது எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அடுத்து மருந்தின் கதை. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை.

எச்.ஐ.வி நம் எதிர்ப்பு அணுக்களுக்குள் புகுந்து தன் நகல்களை அச்சடிக்கிறது. மாத்திரை அந்த அச்சகத்தை நிறுத்துகிறது. சில அணுக்களுக்குள் தூங்கிக் கிடக்கும் வைரஸை அதனால் தொட முடியாது. அதனால்தான் முழுக் குணம் இல்லை, அதனால்தான் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை கருவிக்கே தெரியாத அளவுக்கு விழுகிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 50க்குக் கீழே. சில கருவிகளுக்கு 20. அப்படி இருப்பவரிடமிருந்து பாலுறவின் வழி பிறருக்குத் தொற்றாது.

இதை முதலில் அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. சென்சார்களோடு வேலை பார்க்கிறவன் நான். கருவிக்குத் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? எந்தக் கருவிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது வெறும் ஊகம். இப்படிக் கேட்டபோது அறிவாளித்தனமாக உணர்ந்தேன். அப்புறம்தான் ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். அவர்கள் கருவியை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. மனிதர்களைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 'பார்ட்னர்' என்ற ஆய்வு: ஒருவருக்கு எச்.ஐ.வி உண்டு, மருந்தில் அடங்கியிருக்கிறது, மற்றவருக்கு இல்லை. அப்படிப்பட்ட ஜோடிகள். 2016இல் வந்த முதல் முடிவில் ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகள் கணக்கில் வந்தன. 2019இல் வந்த இரண்டாம் கட்டத்தில் ஆண் ஜோடிகள் மட்டும் 782, உறவுகள் சுமார் 76,000. துணையிடமிருந்து துணைக்குத் தொற்றியது இரண்டிலும் பூஜ்ஜியம். என் தொழிலில் எந்தப் பாதுகாப்பு வால்வுக்கும் இப்படி ஒரு சோதனை முடிவை நான் பார்த்ததில்லை. இதற்கு இங்கிலீஷில் 'யூ ஈக்குவல்ஸ் யூ' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழில் நாம் 'உயிர்க்கொல்லி' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டோம்.

அந்த மாத்திரை மலேசியக் குடிமகனுக்கு அரசு கிளினிக்கில் இலவசம். அப்படியென்றால் பிரச்சனை முடிந்ததுதானே? இல்லை. மாத்திரையை ஒருவர் விழுங்க வேண்டும். விழுங்குவதற்கு ஒரு வீடு வேண்டும்.

அண்ணன் மருந்து போத்தலின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாத்திரைகளை விட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவருக்கு முதலில் கொடுத்த கூட்டில் எஃபாவிரென்ஸ் இருந்தது. தலைசுற்றும், கனவுகள் சினிமா மாதிரி ஓடும். அதனால் படுக்கப் போகும் நேரத்தில் போடச் சொல்வார்கள். தீபாவளிக்கு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுக்கை. பக்கத்தில் சித்தப்பா. "என்னடா மாத்திரை? இந்த வயசுல பிரஷரா? காட்டு." அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அன்று போடவில்லை. மறுநாளும் போடவில்லை. தைப்பூசத்துக்குச் சொந்தங்களோடு பத்துமலையில் மூன்று நாள். ஒரு கல்யாணம். ஒரு பதினாறாம் நாள் காரியம். நம் சொந்தபந்தம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு மாத்திரைகள் தவறின. எண்ணிக்கை 20க்குக் கீழே இருந்தது, 1,400 ஆனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் அரைகுறையாக இருக்கும்போதுதான் வைரஸுக்கு வசதி. நகல் எடுக்கும்போது அது நிறையப் பிழை செய்யும். அந்தப் பிழைகளில் ஒன்று மருந்தைத் தாங்கக் கூடியதாக இருந்தால் அதுவே பெருகும். எஃபாவிரென்ஸை முறியடிக்க ஒரே ஒரு பிறழ்வு போதும். அதாவது, சித்தப்பாவின் கேள்விக்கும் மருந்துக்கு அடங்காத வைரஸுக்கும் நடுவில் இருப்பது இரண்டே படிகள். ஆதரவு, அன்பு என்பதையெல்லாம் நாம் மருந்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் மாதிரி பேசுகிறோம். இந்த நோயில் அதுவும் மருந்தின் ஒரு பாகம்தான். அது இல்லாவிட்டால் மற்ற பாகம் வேலை செய்யாது. அண்ணன் தப்பித்தார். எதிர்ப்பு உருவாவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். இப்போது புதிய மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள், கனவுகளும் நின்றுவிட்டன.

அவர் பயந்தது வெறும் கற்பனையும் இல்லை. 2019 ஜனவரியில் சிங்கப்பூரின் எச்.ஐ.வி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் பெயர், அடையாள விவரங்கள் இணையத்தில் கசிந்த செய்தி வந்தது. அன்று என் வாட்ஸாப் குழு ஒன்றில் வந்த முதல் கேள்வி: "லிஸ்ட் எங்க கிடைக்கும்?" படித்தவர்கள் குழுதான். பாதிப் பேர் கவிதை எழுதுகிறவர்கள்.

எங்கள் தொழிற்சாலையில் தமிழ்நாட்டிலிருந்து குத்தகைக்கு வந்த தொழிலாளர்கள் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வியும் அடக்கம். இருந்தால் வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டும். நான் சேர்ந்த வருடம் ஒருவர் அப்படிப் போனார். ஏஜெண்ட் அவரிடம் சொன்னது, "மெடிக்கல் பெயில்." எதில் பெயில் என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. எங்களுக்கு மட்டும் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கேன்டீனில் என்ன பேசினோம் என்று நான் எழுத வேண்டியதில்லை. கடன் வாங்கி விமானம் ஏறி வந்த மனிதர், அவர் ஊருக்குப் போய் மருந்து எடுத்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படி வந்திருக்கும் என்று மட்டும் ஆளுக்கொரு கதை.

இந்தக் கேள்வியைக் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. மலேசியாவில் முதல் பதிவு 1986இல். அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பான்மை, ஊசியில் போதை ஏற்றியவர்கள். 2002இல் மட்டும் ஏறத்தாழ 7,000 புதிய பதிவுகள். அதுவரை அரசும் பேச்சாளரைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு மூன்று காரியங்கள் நடந்தன. 2003இல், காப்புரிமை இருந்தும், அரசின் உரிமையைப் பயன்படுத்தி இந்தியாவின் சிப்லாவிடமிருந்து விலை குறைந்த மருந்தை இறக்கினார்கள். 2005இல் மெத்தடோன் சிகிச்சை. 2006இல் ஊசி மாற்றுத் திட்டம்: பழைய ஊசியைக் கொடு, புதியதை வாங்கிக்கொள், ஏன் போட்டுக்கொள்கிறாய் என்று கேட்க மாட்டோம். மதத்தின் பெயராலும் ஒழுக்கத்தின் பெயராலும் எதிர்ப்பு இருந்தது. இருந்தும் செய்தார்கள். இன்று ஆண்டுக்குப் புதிய பதிவுகள் 2002இல் இருந்ததில் பாதிக்கும் கீழே, அதில் ஊசிக்காரர்கள் மிகச் சிறு பங்கு. பத்தில் ஒன்பதுக்கும் மேல் பாலுறவு வழி. ஊசி விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்ட நாடு, படுக்கை விஷயத்தில் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

'அப்போ டாக்டரும் கேட்கக் கூடாதா?' என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். கேட்கலாம். கேட்க வேண்டும். துணைக்கும் பரிசோதனை வேண்டுமே. அவர் கேட்பதற்கு ஒரு காரியம் இருக்கிறது, கேட்டதை மூடி வைக்கும் கடமையும் இருக்கிறது. ஏமாற்றிய கணவனிடமிருந்து தொற்றிய மனைவியும் கேட்கலாம். கத்தலாம், தட்டைத் தூக்கி வீசலாம், விட்டுப் போகலாம். அது அவளுடைய கேள்வி. அதை அவளிடமிருந்து பிடுங்கி மண்டபத்தில் வைத்துக் கைதட்டு வாங்க இவர்கள் யார்? இன்னொன்று: அந்த மனைவியைக் காட்டித்தான் 'அப்பாவிகளும் இருக்கிறார்கள்' என்று உருகுகிறோம். அப்பாவி என்று ஒருவரைச் சொன்ன அந்த நொடியிலேயே மீதிப் பேரைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம்.

நம் மொழிக்கு இந்த விஷயத்தில் தாமதம் ஒன்றும் இல்லை. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. கண்டுபிடித்தவர் செல்லப்பன் நிர்மலா, அப்போது மருத்துவ மேற்படிப்பு மாணவி. பாலியல் தொழில் செய்த பெண்களிடம் சேகரித்த மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் பின்னாளில் தன் நோயாளிகளுக்குக் கல்யாணத் தரகரும் ஆனார். படிப்பு, வருமானத்தோடு வெள்ளணு எண்ணிக்கையையும் வைத்துப் பொருத்தம் பார்த்தார். சாதியும் பார்த்தார்கள் என்பது வேறு கதை. வைரஸுக்கு இல்லாத வித்தியாசம் நமக்கு உண்டு. ஆனாலும் அந்த அம்மா, இவர்கள் இன்னும் வாழப் போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். அது ஒரு தமிழ் ஊரில் நடந்தது. அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு நடந்த நல்ல காரியம் மலாயில் நடந்தது. சில அரசு மருத்துவமனைகளில், தாங்களே எச்.ஐ.வியோடு வாழ்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக இருக்கிறார்கள். அண்ணனிடம் வந்து உட்கார்ந்தவர் ஒரு சீன அங்கிள். அவர் கேட்ட முதல் கேள்வி, "சூடா மாக்கான்?" பசியாறிட்டியா? அண்ணன் அழுததாகச் சொன்னார். பசியாறிட்டியா என்பது நாம் தினம் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வி. என்னிடமிருந்தும் அது வந்திருக்கலாம். அங்கே தமிழ் மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார், நல்லவர்தான். ஆனால் அவரைக் கண்டால் அண்ணன் தூணுக்குப் பின்னால் நிற்பார். தமிழ்க் குரல் என்றால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

எண்ணிக்கை 1,400 ஆன மாதம், பெரியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். சொல்ல வேண்டியது நான். இங்கிலீஷில் எல்லாமே எனக்குத் தெரியும். ஏழு வருடமாக இந்த மாதிரி இதழ்களை வாசிக்கிறேன், தமிழில் எழுதவும் செய்கிறேன். பெரியம்மா முன்னால் உட்கார்ந்தபோது ஒரு சொல் வரவில்லை. நோயெதிர்ப்பு மண்டலமா? தீநுண்மியா? கடைசியில், "பெரியம்மா, அண்ணன் ரத்தத்துல ஒரு பூச்சி இருக்கு. மாத்திரை போட்டா அடங்கியே இருக்கும். போடலன்னாதான் ஆபத்து" என்றேன். பேரையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா வந்துச்சு?"

அண்ணன் தலை குனிந்தார். நான்தான் சொன்னேன், "அது வேணாம் பெரியம்மா."

வெகுநேரம் பேச்சில்லை. அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். "சோறெல்லாம் திங்கலாமா?" என்று கேட்டார். எல்லாம் திங்கலாம் என்றேன். இன்றுவரை அவருக்கு அந்தப் பதில் தெரியாது. மறுபடி கேட்கவும் இல்லை. ஆறு மாதம் டம்ளரைத் தனியாகத்தான் வைத்தார். தொட்டால் ஒட்டாது என்று நான் விளக்கியபோதெல்லாம் தலையாட்டிவிட்டு மறுபடி தனியாகவே வைத்தார். ஒருநாள் எல்லா டம்ளரும் ஒரே தட்டில் கவிழ்ந்து கிடந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது சொந்தக்காரர்கள் வீட்டில் இருந்தாலும் ஒன்பதரை மணிக்கு அடுப்படியிலிருந்து குரல் வரும். "பாத்ரூம் பல்பு போயிருச்சு, வந்து பாருடா." அண்ணன் எழுந்து போவார். சித்தப்பா டிவியை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். பல்பு நன்றாகத்தான் எரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிசல்ட் வரும் அன்று பெரியம்மா எனக்குப் போன் செய்வார். அண்ணன் சொன்னால் ஏமாற்றுவார் என்று அவருக்குச் சந்தேகம். வைரல் லோடுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பூச்சிக் கணக்கு. அகராதிக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல் இதுவரை கிடைக்கவில்லை.

"இந்த வாட்டி பூச்சிக் கணக்கு எவ்வளவுடா?"

"காணல பெரியம்மா. இருபதுக்குக் கீழ."

"போன வாட்டியும் அதானே சொன்ன. சரி, வை. சாம்பார் கொதிக்குது."